பெட்டி பிரித்த நாள்

கதவைத் திறந்த ஷிஃப்ட் இன்ஜினியருக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை. கூடத்தின் நடுவே அவன் மனைவி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, காய் நறுக்கும் கத்தியால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"டேப்பு வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள் நிமிராமலே.

பையிலிருந்து இரண்டு உருளைகளையும் எடுத்துக் கொடுத்தான். அகலமான டேப் வேண்டும் என்று மதியம் அவள் போன் செய்தபோது, ஜன்னல் விரிசலை ஒட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தான்.

இந்த மாநிலத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. லாரிக்காரன் இறக்கிவிட்டுப் போன முப்பத்தொரு பெட்டிகளும் இறக்கிய இடத்திலேயே இருந்தன. மூன்று பெட்டிகள்மேல் போர்வையை விரித்தால் சோபா. இரண்டை அடுக்கினால் சாப்பாட்டு மேஜை. அவனாக ஒன்றைத் தொடப் போனாலும், "இருக்கட்டும்ங்க. திரும்ப ஏத்துறப்ப சுலபமா இருக்கும்" என்று தடுத்துவிடுவாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் இது ஐந்தாவது ஊர். முந்தின ஊரில் அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளுநர். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவாள் என்று பேர் வாங்கியவள். அந்த மாநிலத்துப் பதிவு இங்கே செல்லாது என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பம் போட்டாள். பதில் வந்தபாடில்லை.

பாஷையும் வரவில்லை. கடையில் விரலை நீட்டித்தான் வெங்காயம் வாங்கினாள். ஆலைக் குடியிருப்பின் நாலாவது மாடி. பால்கனிக் கதவைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். ஊரையே பேச்சில் கட்டிப்போடுகிற வாய், அவன் வேலைக்குப் போனதிலிருந்து வரும்வரை பூட்டிக் கிடந்தது.

ஒருநாள், "எனக்கு இங்க மூச்சு முட்டுதுங்க" என்றாள். மறுநாளே அவன் நல்ல மேஜை விசிறியாகப் பார்த்து வாங்கி வந்தான். முப்பத்திரண்டாவது பெட்டியாக அதுவும் வரிசையில் போய்ச் சேர்ந்தது.

அப்படிப்பட்டவள் இன்று தானாகவே பெட்டி பிரிக்கிறாள்! இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. சீருடையைக்கூடக் கழற்றாமல் டீ போட்டு எடுத்து வந்து அவளிடம் நீட்டினான்.

"நானும் கை கொடுக்கிறேன். இந்த வெள்ளைக் கோட்டு எங்க?"

"அது உள் ரூம்ல."

"இது? எங்கம்மா குடுத்த கடிகாரம்."

"அது இங்கயே கூடத்துல."

சர்டிபிகேட் பைல் அறைக்குப் போனது. பூட்ஸும் பூப்பந்துக் கோப்பையும் கூடத்தில் நின்றன. தையல் மெஷினை இருவரும் சேர்ந்து அறைக்குள் தள்ளினார்கள். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. மாத்திரை எண்ணிப் பழகிய கை. 'கலந்து கிடந்ததை என்ன அழகாத் தரம் பிரிக்கிறா பாரு' என்று அவன் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

குக்கரை மட்டும் அவள் அறைக்குக் கொண்டுபோனாள். திரும்பக் கூடத்துக்கே எடுத்து வந்தாள்.

"உங்களுக்கு இதுல சோறு வைக்கத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? மூணு விசில். இனிமே ஞாயித்துக்கிழமை நான்தான் சமையல், போதுமா?"

அவள் லேசாகச் சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! இதுதான் சமயம் என்று அவன் துணிந்தான்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. இனிமே நமக்கு மாத்தலே வராது. அஞ்சு வருஷம் இங்கயே இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

கத்தி நின்றது.

"சம்பளமும் ஒரு படி ஏறுது. அடிக்கடி மூட்டை கட்டுறது உனக்கும் கஷ்டமாத்தானே இருக்கு? கேட்டா நீ என்ன சொல்வியோன்னுதான்..."

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "போன வாரமே குடியிருப்பு ஆபீஸ்ல இருந்து தபால் வந்துது. அஞ்சு வருஷத்துக்கு வீடு நம்ம பேர்லதான்னு."

"கோவமில்லையா?"

"அன்னிக்கு இருந்துது. இப்ப இல்லைங்க."

முகத்தை உற்றுப் பார்த்தான். நிஜமாகவே கோபம் இல்லை.

"அப்ப... அதனாலதான் பெட்டியப் பிரிக்க ஆரம்பிச்சியா?"

"ஆமா."

எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. தபாலைப் பார்த்து அழுது, ஆத்திரப்பட்டு, பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லி, இவனுக்காக இந்த ஊரை ஏற்றுக்கொண்டுவிட்டாள். இவளைப் போய்க் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"நீ உக்காரு. மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "முதல்ல ரூம்ல இருக்கிறதெல்லாம் அலமாரியில ஏத்திடுறேன். பொழுது சாயறதுக்குள்ள வீடு வீடா ஆயிடும்."

அறைக்குள் நுழையப் போனவனின் கையைப் பிடித்து அவள் நிறுத்தினாள்.

"உங்களோடத மட்டும் அடுக்குங்க. என்னோடதுக்கு ஆறு மணிக்கு லாரி வருது."