அவளுடைய ஒரு சொல்

கொரியாவில் பாடகியாக இருந்த ஹே-ஜின் சென்னைக்கு வந்து மூன்று தமிழ்ப் படங்களில் நடித்துவிட்டாள். மூன்றிலும் திரையில் கேட்டது சுகந்தியின் குரல். டப்பிங் நடக்கும்போது ஹே-ஜினும் ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவாள். தன் வாய் சரளமாகத் தமிழ் பேசுவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். பிறகு இருவரும் வாசலில் நின்று பஜ்ஜி தின்பார்கள்.

நான்காவது படம் பொள்ளாச்சியில் நடந்துகொண்டிருந்தபோது சியோலில் அவளுடைய அப்பா இறந்துபோனார். விமானம் பிடித்தும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. திரும்பி வந்த வாரமே, தந்தையை ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸின் பின்னால் மகள் ஓடும் காட்சியை எடுத்தார்கள்.

அந்தக் காட்சியின் டப்பிங்குக்கு மட்டும் ஹே-ஜின் வரவில்லை. சுகந்தி எல்லா வசனங்களையும் பேசினாள். கடைசி அலறல் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, அந்த 'அப்பா'வ விட்டுட்டீங்க?" என்றார் டைரக்டர்.

"ஷூட்டிங்ல அவ கத்தினதையே வெச்சுக்குங்க சார்."

"வெளிநாட்டுக் குரல்னு தெரிஞ்சிடுமேம்மா."

"அவங்க ஊர்லயும் அப்பாவ அப்பான்னுதான் சார் கூப்பிடுவாங்க. ஒரு தடவ போட்டுக் கேளுங்க."

போட்டார்கள். டைரக்டர் இன்னொரு முறை போடச் சொன்னார். அதன்பின் அடுத்த காட்சிக்குப் போகலாம் என்றார்.

ஹே-ஜினிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. படம் வெளியான அன்று தியேட்டரில் சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அலறல் அரங்கம் முழுக்கக் கேட்டதும் சுகந்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... நானா?"

"நீயேதான்டி."