வேலூர்க்காரர் கேட்ட பாதி

சிரிப்பு உண்டு, ஆனால் இப்போதே இல்லை. ராஜவேலு உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருக்கிறான். நீங்களும் கொஞ்சம் அடக்குங்கள்.

ஆரணி காலேஜ் புட்பால் டீமின் கோல் கீப்பர் அவன். பிரின்சிபால் முதல் பஸ் கண்டக்டர் வரை எவர் குரலும் அவன் தொண்டையில் உண்டு. அரிசி மில் போனைச் சுற்றி டீம் பசங்கள் நிற்க, முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்ணாகி, "வேலூர் கால், பேசுங்க" என்றான். அப்புறம் தொண்டையைச் செருமி, வேலூர் காலேஜ் கோச் தசரதன் ஆனான்.

"அதாவது, பாருங்க சம்பந்தம், டிக்கெட் வசூல்ல இந்த வாட்டி எங்களுக்குப் பாதி வேணும். இல்லைன்னா டீம் வராது."

எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊருக்கு முக்கால், வந்தவர்களுக்குக் கால். அதுதான் வழக்கம். மறுமுனையில் இருந்தவர் பட்டு நூல் கடை சம்பந்தம், ஆட்டக் கமிட்டிச் செயலாளர். ஓசி டிக்கெட் கேட்ட சொந்த மச்சானையே விரட்டியவர். குதிப்பார், கத்துவார் என்று எல்லாரும் காதைத் தீட்டினார்கள்.

சம்பந்தமோ குரலைக்கூட உயர்த்தவில்லை. "சரிங்க சார், பாதியே தர்றோம்" என்று வைத்துவிட்டார்.

ராஜவேலுவுக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. அந்த முக்காலில்தான் டீமுக்குப் புது பூட்ஸ். அவனுடையது பட்டு நூல் கழிவால் கட்டி ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கமிட்டி கூடியது. வேலூர்க்காரர்கள் மிரட்டுவதாகச் சம்பந்தம் சொன்னார். டிக்கெட் விற்றாகிவிட்டது, வேறு வழியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தன்று அமாவாசை. தறிக்கு லீவு. பக்கத்து நெசவாளர் ஊர் முள்ளிப்பட்டே திரண்டு வந்து மைதானத்தை நிறைத்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ராஜவேலு விட்ட அந்த ஒரு கோலும் பூட்ஸ் வாயைப் பிளந்ததால்தான்.

முடிந்ததும் சம்பந்தம் பாதிப் பணத்தைத் தசரதனிடம் நீட்டினார். ராஜவேலுவால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே போய் நின்றான்.

"அண்ணே, போன்ல பேசினது நான்தாண்ணே. சாருக்கு ஒண்ணுமே தெரியாது. பணத்தைத் திருப்பி வாங்குங்க."

"தெரியும்டா" என்றார் சம்பந்தம். "போன வாட்டி அந்தக் கால் பங்கு பஸ்ஸுக்கே பத்தாம, இவங்க பசங்க பாதி வழியில கண்ணமங்கலத்துல இறங்கி நடந்தே போனாங்களாம். நான் கேட்டா கமிட்டி ஒரு பைசா ஏத்தாது. நீ மிரட்டினே, ஏறிச்சி. இனிமே வேலூர் ஆட்டத்துலயும் நமக்குப் பாதி. உன் பூட்ஸ் அதுல."

ராஜவேலுவுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

"நான்தான்னு எப்படிண்ணே தெரிஞ்சது? குரல்ல எங்கியாவது கோட்டை விட்டேனா?"

தசரதன் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அதாவது, பாருங்க தம்பி, குரல்ல ஒரு குத்தமும் இல்ல. போன் வந்தப்ப நான் இவர் எதிர்லதான் டீ குடிச்சிகினு இருந்தேன்."