மூன்றாவது கிளாஸ்

"நீங்க போய் மேசைல உட்காருங்க. பாட்டிலைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவீங்க," என்று மாஸ்டரைச் சமையலறையிலிருந்து வெளியே தள்ளினாள் அவர் மனைவி.

"கல்யாணமான நாள்லேர்ந்து உன் சமையலுக்கு நான் ஒரு பரீட்சை வெச்சிருப்பேனா? நீ எனக்கு வெக்கிற பாரு," என்று சிரித்தபடி, தான் சுட்டெடுத்த ஸ்டேக் கறியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போனார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒரு பெரிய ஹோட்டலில் கிரில் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. போன மாதம் வந்த காய்ச்சல், போகிற போக்கில் மோப்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. இந்த வாரம்தான் வாசனையெல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு முதலாளியின் விருந்து. ஸ்டேக்குக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று இவர்தான் ருசித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் உதவி மாஸ்டருக்குப் போய்விடும்.

மூன்று கிளாஸ்களில் சிவப்பு ஒயினை ஊற்றி எடுத்து வந்தாள். வைக்கிற அவசரத்தில் மேசை விரிப்பில் கொஞ்சம் சிந்தினாள்.

"எனக்கில்லாத பயம் உனக்கு எதுக்கு?" என்றவர் கறியை நறுக்கினார். நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் கருகாத முறுகல். கைப்பழக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு துண்டை மென்றுகொண்டே முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கண் அவள் முகத்திலேயே இருந்தது.

"இது ரொம்ப இளசு. பழரசம் மாதிரி. இந்தக் கறிக்கு ஈடு குடுக்காது."

"ம்."

இரண்டாவதை இன்னும் மெதுவாகக் குடித்தார்.

"பரவாயில்ல. மிளகு வாசனை வருது. ஆனா புளிப்பு கொஞ்சம் தூக்கல்."

"அப்படியா?"

"ஏன், தப்பா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாது. நீங்களே சொல்லுங்க." கைத்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கிளாஸை எடுத்தார். குடித்தார். இன்னொரு துண்டு கறி, இன்னொரு மடக்கு. பிறகு கிளாஸை டொக்கென்று வைத்தார்.

"இதான். துவர்ப்பு நல்லா கெட்டி. கொழுப்பை அப்படியே அறுத்து இறக்குது பாரு. பின்னாடியே மரப்பீப்பாய் வாசனை. ஸ்டேக்குக்கு இதை விட்டா வேற கிடையாது. சரிதானே?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அட, நான் பாஸானதுக்கு நீ எதுக்கு அழறே? அந்த போனை எடு. நாளைக்கு வரேன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

போன் அவள் பக்கத்தில்தான் இருந்தது. அதை எடுக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை டாக்டர்கிட்ட போகலாங்க."

"ஏன்? மூணுல எதைத் தப்பா சொன்னேன்?"

"மூணு கிளாஸ்லயும் ஒரே பாட்டில்லேர்ந்துதாங்க ஊத்தினேன்."