எட்டு மணிக்குள் அந்தப் பக்கம்

இன்னொரு பேருந்தையும் போகவிட்டான்.

அடுத்து வந்தது தண்ணீர் லாரி. அதற்கும் ஓர் அடி பின்வாங்கி நின்றான்.

எதிரே மருத்துவமனை. நாற்பது அடி எடுத்துவைத்தால் வாசல்.

பதினொரு வருடமாகச் சென்னையில் பேருந்து ஓட்டுகிறவன். இதே சாலையில் ஒரு நாளைக்கு ஆறு நடை அடித்திருக்கிறான். இன்று கால் நடைபாதையை விட்டு இறங்கவில்லை.

போன வாரம் வரை இந்தப் பயம் இல்லை.

மகளுக்கு ஏழு மாதம். கிருமியோடு சண்டை போடும் அணுக்களைச் செய்யத் தெரியாத மஜ்ஜையோடு பிறந்துவிட்டாள். வேறொருவருடையதை விதைக்க வேண்டும். விதைப்பதற்கு முன் பழையதை முழுவதுமாக அழிக்க வேண்டும். நெஞ்சில் பொருத்திய குழாய் வழியே எட்டு நாள் மருந்து ஏற்றினார்கள். நேற்றோடு முடிந்தது.

இப்போது அவளுடைய எலும்புகளுக்குள் எதுவும் இல்லை.

மனைவி மேகலாவின் மஜ்ஜையும் பாதி பொருந்தும்தான். ஆனால் எப்போதோ வந்துபோன மஞ்சள் காமாலையின் கிருமி இன்னும் அவள் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் கொடுக்க அவன் ஒருவன்தான்.

நான்கு நாளாக அவன் வயிற்றில் ஊசி போட்டார்கள். அந்த மருந்து எலும்புக்குள் இருக்கும் விதை அணுக்களைப் பெருக்கும். இடம் போதாமல் அவை ரத்தத்தில் வழியும். இடுப்பெலும்பு குடைவது அதனால்தான். வலித்தால் மருந்து வேலை செய்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வலி கொஞ்சம் குறைந்தபோதெல்லாம் இடுப்பை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

எட்டு மணிக்கு அவனை இயந்திரத்தில் இணைப்பார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை இழுத்து அது சுழற்றும். சுழற்றினால் கனமானது வெளிப்பக்கம் ஒதுங்கும், லேசானது உள்ளே நிற்கும். நடுவில் பாலாடை போல மெல்லிதாக ஒன்று படியும். அதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, மீதியை மறு கை வழியாகத் திருப்பித் தந்துவிடும். சாயங்காலம் அந்த ஒரு பை பாப்பாவின் ரத்தத்தில் கலக்கும். அறுவை கிடையாது. அணுக்களே எலும்பைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதுவரை அவை அவனுக்குள்தான் இருக்கும்.

சாலையின் இந்தப் பக்கத்தில்.

சிக்னல் வரை நடந்துபோய்ப் பார்த்தான். பச்சை மனிதன் பன்னிரண்டு நொடி நின்றான். இடப்பக்கம் திரும்பும் ஆட்டோக்கள் அவனைச் சட்டை செய்யவில்லை. திரும்பி வந்துவிட்டான்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து. ஓட்டுநர் ஆளைப் பார்த்து, காலை பிரேக்குக்கு மாற்ற ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் வண்டி பதினொரு மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள் தைரியமாகக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா, அரை அவரா நின்னுனுகீற?" இளநீர் வண்டிக்காரி கேட்டாள். "கைய காட்டிக்கினே நட. நின்னுடுவான்."

"நிக்க மாட்டான்க்கா."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"நான் பஸ் டிரைவருக்கா. நான் நின்னதில்ல."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். எதிரே இருந்த கட்டடத்தையும் பார்த்தாள். அரிவாளைக் காய்களின் மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா."

ரத்தம் இழுக்கப்போகும் நரம்பு அந்தக் கையில்தான் இருந்தது.

முதல் பாதி எப்படியோ கடந்தது. இரண்டாவது பாதியில் ஒரு பேருந்து கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ்! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"இருடா, உன் வண்டிய இன்னா தூக்கிக்கினா போயிட்டோம்!" அவள் திருப்பிக் கத்தினாள்.

அவன் ஓட்டுநரைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தைப் பார்த்தான். அதற்கும் தன் முழங்காலுக்கும் நடுவே ஒன்றரை அடி.

உடம்பு மொத்தமும் வேர்த்தது.

நடைபாதையில் ஏற்றிவிட்டுத்தான் அவள் கையை விட்டாள். கையைக் காட்டிக்கொண்டே திரும்பிப் போய்விட்டாள்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. மேகலா.

"ஏறிட்டீங்களா?"

"ம்."

"ஏழு மணிலேருந்து ஜன்னல்லதாங்க நிக்கிறேன். கூப்ட்டா நடு ரோட்ல எடுத்துடுவீங்களோன்னு போனையே தொடல."

நிமிர்ந்து பார்த்தான். மூன்றாவது மாடி முழுக்க ஒரே நீலக் கண்ணாடி. அதில் காலை வெயில் மட்டும் தெரிந்தது. எந்த ஜன்னல் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கையை உயர்த்தினான்.

"பாப்பா?"

"தூங்குது. ஏங்க... லிஃப்ட்ல வராதீங்க. காலைல ரெண்டு தடவ நடுவுல நின்னுடுச்சாம்."

"சரி."

மாடிப்படியை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலே வரை பளபளவென்று ஈரம்.

செருப்பைக் கழற்றினான். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.