புதுத்தோல்

சாயும் வெயில் ஜன்னல் வழியே கட்டிலேறித் தங்கையின் தலையணையைத் தொடுகிறது. அவள் அயர்ந்து தூங்குகிறாள். முகப்பருவுக்காக மருந்து பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்து இன்று நான்காம் நாள். மோவாயோரம் தோல் வெங்காயச் சருகாய்ச் சுருண்டு நிற்க, அடியில் குழந்தையின் உள்ளங்கால் போல ஒரு புதுச் சிவப்பு. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அக்காவின் கை நின்றுபோகிறது. அக்காவின் கன்னமெல்லாம் பழைய பருத்தழும்புப் பள்ளம். இதே வயதில் அவளுக்கும் இதே பருதான். "கல்யாணமானா தானா போயிடும்டி" என்று அம்மா சிரித்ததோடு சரி. அதே அம்மா இப்போது சின்னவளுக்காக லீவு போட்டு டாக்டரிடம் ஓடுகிறாள். துளி வெயில்கூடப் படக்கூடாது, பட்டால் கறுத்துவிடும் என்று டாக்டர் சொன்னது அக்காவுக்கும் தெரியும். திரையை இழுக்க இரண்டு எட்டு போதும். வயிறெரிய உட்கார்ந்தே இருக்கிறாள். வெயில் காதுமடலைத் தாண்டிக் கன்னத்தில் ஏறுகிறது. அந்தச் சிவப்பு மினுமினுக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு. தங்கை முகம் சுளித்துப் புரள்கிறாள். அக்கா பதறி எழுந்து திரையைச் சரேலென இழுக்கிறாள்.

"என்னக்கா, வெயில் பட்டுச்சா?"

"இல்லடி, தூங்கு" என்கிறாள், திரையைப் பிடித்த கையை விடாமல், திரும்பிப் பார்க்காமல்.