மானைக் கட்டிய குடில்

பென்னாகரத்துப் பெரியநாயகம், காட்டில் பிடித்துவந்த மான்குட்டியைத் தன் வீட்டு வாசலில் கட்டி வளர்த்தார். வாழைப்பழத்தைத் தன் கையாலேயே ஊட்டுவார். பொழுது சாய்ந்தால் மான் காட்டுப் பக்கமாகக் கயிற்றை இழுக்கும். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து தோல் சிவந்துபோயிருந்தது.

"அவுத்துக் காட்டுல வுட்டுடுங்க. பாவமா இருக்குதுங்க," என்றாள் மனைவி ரோசம்மா.

"புள்ளையாட்டம் பாத்துக்கறேன். அதுக்கு இன்னும் என்ன வேணும்?"

1968 கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குடில் ஜோடித்து, அதன் பக்கத்தில் மானைக் கட்டினார். தெருவே வந்து பார்த்து மெச்சியது. யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். மிரண்டு துள்ளிய மான் கயிறு இறுகிச் செத்துப்போனது.

மறு வருடம் குடில் பொம்மைகளை வைக்கோலிலிருந்து எடுத்தபோது, மண் ஆடுகளின் கழுத்தைச் சுற்றி, கயிறு உராய்ந்ததுபோல் சாயம் போயிருந்தது. பெரியநாயகம் அதன்மேல் சுண்ணாம்பு பூசினார். அதற்கடுத்த வருடம் மாட்டுக்கும் கழுதைக்கும் அப்படியே. சாயம் வாங்கிப் பூசினார்.

மூன்றாம் வருடம் ஆடு, மாடு, கழுதை எதிலும் தடம் இல்லை. பெருமூச்சு விட்டபடி, கடைசியாகக் குழந்தை இயேசு பொம்மையை, சேசு பாலனை, சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். பிரித்த வேகத்திலேயே மூடினார்.

சாயங்காலம் ஜெபத்துக்கு வந்த பக்கத்து வீட்டு இசபெல்லா கேட்டாள்: "பாலனுக்கு எதுக்குங்கண்ணா கழுத்து வரைக்கும் போத்தி வுட்டிருக்கறீங்க?"

"பனி அடிக்குதும்மா. குளுரும்."

ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் பாலனை முத்தி செய்து, நெற்றியில் முத்தமிட்டு முடிக்கும்வரை, பெரியநாயகம் அந்தத் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.