இரண்டு படர்தாமரை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

தொண்ணூற்றாறில், சோமனூர் காளியாத்தாள் மகனையும் மருமகள் லோகப்பிரியாவையும் கோவை டாக்டர் சுஃப்யானிடம் கூட்டி வந்தாள். இருவருக்கும் படர்தாமரை.

“இவதானுங்க பொறந்த ஊட்டுலிருந்து கொண்டாந்துபோட்டா. உறுதின்னா அங்கயே உட்டுப்போட்டு வந்துருவேனுங்க.”

பூஞ்சையை வளர்த்துப் பார்க்க இருவரின் தோல் செதில்களையும் டாக்டர் கேட்டார். காளியாத்தாளே சுரண்டிப் பொட்டலம் கட்டித் தந்தாள்.

மறுவாரம் டாக்டர் சொன்னார்: “ரெண்டும் ஒரே இனப் பூஞ்சைங்கம்மா. ஆனா மரபணு வேற வேற. மருமககிட்ட இருந்து மகனுக்கு ஒட்டலீங்க.”

“அப்ப யாருகிட்டங்க?”

“அதைப் பூஞ்சை சொல்லலீங்க.”

காளியாத்தாள் மருமகளின் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். “வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்.”

சுத்தமாக இருக்கட்டுமென்று அவள் மஞ்சள்தூளில் புரட்டித் தந்த அந்தச் செதில்களில், பூஞ்சை எதுவும் முளைக்கவே இல்லை.